ருஷ்கேயின் கடைசி ஈத்து

என் நாய்க்கு மாப்பிள்ளை கேட்டு நான் போன வீடு, முன்பு என்னைப் பெண் கேட்டு வந்து நான் வேண்டாமென்று திருப்பி அனுப்பிய ஹெய்க்காவின் வீடு. வேறு வழி இருந்திருந்தால் அந்தத் திசையில் தலைவைத்துக்கூடப் படுத்திருக்க மாட்டேன்.

போர் முடிந்து தெற்கிலிருந்து நாங்கள் ஊர் திரும்பியபோது, பின்வாங்கிப் போன ஜெர்மன்காரன் ஒரு கூரையைக்கூட எரிக்காமல் விட்டுவைக்கவில்லை. வீடு போனால் போகட்டும், புல்லோடு வெட்டிய மண்கட்டிகளை அடுக்கி ஒரு குடிசை போட்டுக்கொள்ளலாம். கலைமான் மந்தையை மேய்க்க நாய்க்கு எங்கே போவது? ஊரைக் காலி செய்யச் சொன்ன அவசரத்தில் பாதிப் பேர் நாய்களை அப்படியே விட்டுவிட்டு லாரி ஏறினார்கள். கூட்டிப்போன நாய்களும் அங்கே நோயில் போய்ச் சேர்ந்தன. என் பாவாடைக்கு அடியில் ஒளிந்துகொண்டு வந்த என் நாய் ருஷ்கே மட்டும் என்னோடு திரும்பினாள்.

மற்றவர்கள் தெற்கிலிருந்து என்னென்னவோ நாய்களைக் கொண்டுவந்தார்கள். கண்றாவி! கலைமானைக் கண்டால் ஒன்று பாய்ந்து கடித்தன, இல்லையென்றால் வாலைச் சுருட்டிக்கொண்டு அடுப்பங்கரையில் படுத்தன. ருஷ்கே அப்படியா? ஒரு மானின் காலில்கூட அவள் பல் பட்டதில்லை. குரல்தான் அவளுடைய ஆயுதம். மந்தையைச் சுற்றி வளைத்து ஓடிக்கொண்டே குரைப்பாள், மான்களெல்லாம் சொல்பேச்சுக் கேட்கிற பிள்ளைகள்போல ஒன்றாகச் சேர்ந்துவிடும். மூடுபனியில் கைவிரல் தெரியாத நாளிலும் அந்தக் குரலை வைத்தே மந்தை எந்தச் சரிவில் இருக்கிறது என்று சொல்லிவிடுவேன்.

ஆனால் அவளுக்கு வயதாகிவிட்டது. முகவாய் நரைத்து, பல் மழுங்கிவிட்டது. அந்தக் குளிர்காலக் கடைசியில் அவள் பருவத்துக்கு வந்தபோது, என் தம்பி யோவ்னா கிளறிவிட்டான்.

"அக்கா, இதுதான் இவளுக்குக் கடைசி ஈத்து. இதை விட்டா இந்த ஜாதி நம்ம வீட்டோட போச்சு."

"தெரியும்டா."

"ஹெய்க்கா வீட்ல ரானே இருக்கான். நம்ம நாய் மாதிரியே அசல். இந்தப் பக்கம் வேற கடுவன் நாயே கிடையாது."

"வாயை மூடு."

"நான் மூடிக்கிறேன். குட்டிக்கு அப்பன் யாருன்னு மட்டும் சொல்லிடு."

அவனை அடிக்கக் கையோங்கினேன். பிறகு பனிச்சறுக்கு வண்டியில் தோலை விரித்து, ருஷ்கேயைப் படுக்கவைத்து, நானே மானைப் பூட்டிக்கொண்டு கிளம்பினேன். தெற்கத்திக் கடுவன்கள் ஊர் எல்லைவரை வண்டியின் பின்னாலேயே வந்தன. குச்சியால் விரட்டி விரட்டி என் தோள்பட்டை கழன்றுவிட்டது.

ஏரியைத் தாண்டி அவர்கள் வீட்டு வாசலில் போய் நின்றேன். ஹெய்க்கா என்னைப் பார்த்ததும் காது மடல்வரை சிவந்து, விறகு எடுக்கிற சாக்கில் கொட்டகைக்குள் ஓடிவிட்டான். வெளியே வந்தது அவன் மனைவி காரென். குள்ளமாக இருப்பாள், கண்மட்டும் துருதுருவென்று இருக்கும். என்னை மேலும் கீழும் பார்த்தாள். வண்டியில் இருந்த நாயையும் பார்த்தாள்.

"வாங்க வாங்க, பொண்ணு வீட்டுக்காரங்களா?" என்றாள்.

எனக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறியது. "கிண்டல் பண்றதுன்னா இப்பவே திரும்பிப் போயிடறேன்."

"அட, கோவத்தைப் பாரு! அந்த மகாராணி நீதானா? பொண்ணுக்குச் சம்மதம்னா அவதானே வந்து மாப்பிள்ளையோட மானை அவுத்துவிடணும்? இவரு பொண்ணு கேட்டு வந்தப்ப இவரோட வண்டி மானை அவுத்துவிட நீ வெளியவே வரலியாமே. ரொம்ப நேரம் வாசல்லயே நின்னுட்டு அப்படியே திரும்பி வந்தாராம். எங்க வீட்டுக்கு வந்தப்ப நான் காலணிகூடப் போடாம பனியில ஓடிப்போய் அவுத்துவிட்டேன். நீ வேண்டாம்னதாலதான் எனக்குக் கிடைச்சாரு. வா, முதல்ல காபி குடி."

எங்கள் பக்கத்து வழக்கப்படி காபியில் பாலாடைக்கட்டித் துண்டுகளைப் போட்டுக் கொடுத்தாள். நானும் குடித்தேன். பேச்சு அதிகமில்லை. ரானேயும் ருஷ்கேயும் எங்களைவிடச் சீக்கிரம் பழகிவிட்டார்கள். கிளம்பும்போது காரென் வண்டியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள், "வழக்கம் தெரியுமில்ல? கடுவன்காரிக்குத்தான் முதல் குட்டி. நானே வந்து பொறுக்கி எடுத்துப்பேன்."

"வந்து எடுத்துக்கோ," என்றேன். அப்போது அது சின்ன விஷயமாகத்தான் தெரிந்தது.

நான்கு குட்டிகள் பிறந்தன. ருஷ்கேயை அடுப்புக்குப் பக்கத்தில் மான்தோலில் படுக்கவைத்து, எலும்பை உடைத்து மஜ்ஜையை எடுத்துக் கஞ்சி காய்ச்சி ஊட்டினேன். கிழவிக்குப் பால் போதவில்லை. இறைச்சியை நானே மென்று குட்டிகளின் வாயில் வைத்தேன். வெளியே போகும்போது தோல் கோட்டுக்குள் நெஞ்சோடு போட்டுக்கொண்டு போவேன். நாய்க்குட்டிக்கென்று ஒரு வாசனை உண்டே, புகையும் பாலும் கலந்த மாதிரி, அது அந்த வசந்தம் முழுக்க என் மேலேயே இருந்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இல்லை.

நான்கில் ஒருத்தி கறுப்பி. மற்ற மூன்றும் வண்டி மானைக் கண்டால் என் காலுக்குள் புகுந்துகொள்ளும். அவள் மட்டும் அதன் எதிரே போய் நின்று, உடம்பே அதிர அதிரக் குரைப்பாள். ருஷ்கேயின் குரல், அப்படியே. இவள் எனக்குத்தான் என்று முடிவுகட்டிவிட்டேன்.

பனி உருகி முடிந்ததும் காரென் வந்தாள். பால் கறக்கிற சட்டியை எடுத்துத் தரையில் டணாரென்று தட்டினாள். மூன்று குட்டிகள் ஓடின. கறுப்பி சட்டியைப் பார்த்துக் குரைத்தாள்.

"அந்தப் பழுப்பை எடுத்துக்கோ," என்றேன் அவசரமாக. "நல்ல காலு, நல்ல ரோமம்."

"நீ எதைத் தள்ளிவிடறியோ அது எனக்கு வேண்டாம்," என்று கறுப்பியை அள்ளினாள்.

என் நாக்கு சும்மா இருந்ததா? "புருஷனை எடுத்துக்கிட்டே. இப்ப நாயும் வேணுமா உனக்கு?"

அவள் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. "நீ வேண்டாம்னு போட்டதைத்தான் அப்ப எடுத்தேன். இப்ப நீ ஆசைப்பட்டதை எடுக்கறேன். அதான் உனக்கு வலிக்குது." காபியைத் தொடாமல் எழுந்து போய்விட்டாள். அத்தோடு எங்களுக்குள் பேச்சுவார்த்தை நின்றது.

அந்த இலையுதிர்காலத்தில் தெற்கத்தி நாய்களிடமிருந்து காய்ச்சல் வந்தது. குட்டிகளுக்குக் கண்ணில் பீளை கட்டி, கால்கள் இழுத்துக்கொண்டன. வெந்நீரில் துணியை நனைத்துக் கண்ணைத் துடைத்தேன். கொம்புக் கரண்டியால் கஞ்சியைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. மூன்றும் போயின. கடைசியில் ருஷ்கே என் மடியில் தலையை வைத்தபடி போனாள். தரை உறைந்து கிடந்தது, தோண்ட முடியவில்லை. கற்களை அடுக்கி மூடினோம். நான் ஊருக்கே கேட்கும்படி அழுதேன், யார் என்ன நினைத்தால் எனக்கென்ன?

அதற்குப் பிறகு நாய் இல்லாத மந்தை. நாங்களே சறுக்குக் கட்டைகளை மாட்டிக்கொண்டு மலையைச் சுற்றி ஓடினோம். நாங்களே குரைத்தோம். ஆமாம், நான்தான், வள் வள்ளென்று, தொண்டை கிழியக் குரைத்தேன்.

"அக்கா, நீ குரைச்சா மான் நிக்க மாட்டேங்குது, நான்தான் பயந்து நின்னுடறேன்," என்பான் யோவ்னா. சிரிப்போம். ஆனால் ஒவ்வொரு மூடுபனிக்கும் மந்தை சிதறியது. சிதறியதில் பாதியை ஓநாய் தின்றது. இரண்டாவது குளிர்காலம் முடிவதற்குள் யோவ்னாவின் சிரிப்பு நின்றுவிட்டது.

"இருக்கறதை வித்துட்டு நான் தெற்கே மரம் வெட்டப் போறேன்," என்றான் ஒருநாள். "ஒண்ணு பண்ணு, கறுப்பி பிழைச்சுட்டாளாம், காரென்கிட்ட போய் ஒரு குட்டி கேளு. இல்லேன்னா விடு, பனி உருகினதும் கிளம்பறேன்."

"செத்தாலும் கேட்க மாட்டேன்," என்றேன். அவன் மூட்டை கட்டத் தொடங்கினான். எங்கள் அப்பா அம்மா விட்டுப்போன மந்தை, எனக்கென்று இருந்த ஒரே தம்பி, இரண்டும் கையைவிட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டு வீம்போடு உட்கார்ந்திருந்தேன்.

ஒரு காலையில் கதவைத் தள்ளிக்கொண்டு காரென் உள்ளே வந்தாள். முகமெல்லாம் உறைபனி. கோட்டை அவிழ்த்தாள். உள்ளிருந்து மூன்று குட்டிகள் தோல்மேல் பொத்துப் பொத்தென்று விழுந்தன.

"கறுப்பியோடது. அப்பன் நார்வே பக்கத்து நாய். அசல் நாயா தேடிப் பிடிக்கறதுக்குள்ள எனக்குக் கால் தேஞ்சுபோச்சு."

என் திமிர் அப்போதும் அடங்கவில்லை. "எனக்கு யாரும் தானம் பண்ண வேண்டாம்."

"யாருடி தானம் பண்றா?" என்று கத்தினாள் அவள். "காய்ச்சல்னு கேள்விப்பட்டதும் அவளைத் தூக்கிட்டு மலைமேல போனேன். பனி முழுக்க விழற வரைக்கும் தனியாக் கூடாரத்துல கிடந்தேன். ஒரு ஆளை, ஒரு நாயைக் கிட்ட விடலை. ஹெய்க்காவைக்கூடச் சாப்பாட்டைத் தூரத்துல வெச்சுட்டுப் போகச் சொன்னேன். குளிர்ல ரெண்டு விரலு போச்சு, இதோ பாரு."

இடது கையைக் காட்டினாள். பார்த்தேன்.

"எதுக்கு?" என்று கேட்டேன்.

"எதுக்கா? உன் வீட்ல எல்லாமே செத்துப்போச்சுன்னு சொன்னாங்க. உன்னோடதுன்னு மிச்சம் இருந்தது என் கையில இருந்த அந்த ஒண்ணுதான். அதையும் சாக விட்டுட்டு உன் மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன். "ஏய், மெதுவா அழு, குட்டிங்க பயப்படுது," என்று அதட்டிவிட்டு அவளும் அழுதாள். குட்டிகள் என் தம்பி கட்டிவைத்திருந்த மூட்டையில் ஏறி, அதன் கயிற்றை ஆளுக்கொரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தன.

விறகோடு உள்ளே வந்த யோவ்னா எங்களைப் பார்த்தான், குட்டிகளைப் பார்த்தான். விறகைக் கீழே வைத்துவிட்டு மூட்டையைப் பிரித்தான்.