வராத பிள்ளைகள்

அக்காவின் தலையை வாரிக்கொண்டிருந்தபோது இயக்குநர் வந்துவிட்டதாகச் சொன்னார்கள். தங்கை நிறுத்தவில்லை. மருந்துக்குத் தப்பிய முடி கொஞ்சம்தான். வலித்துவிடுமோ என்று கை தானாக மெதுவாகப் போனது.

கல்வித் துறை இயக்குநர் மலர்வளையத்தோடு வந்தார். அதைத் தூக்கிவந்தது உதவியாளர். கால்மாட்டில் வைக்கும்போது மட்டும் இயக்குநர் கை கொடுத்தார். போட்டோ எடுத்தார்கள். பிறகு அவர் அத்தானின் தோளில் கைபோட்டுப் பக்கத்து அறைக்கு அழைத்துப்போனார். தங்கையும் எழுந்து பின்னாலேயே போனாள். அத்தானைத் தனியே விட்டால் யார் எதை நீட்டினாலும் வாங்கிக்கொள்வார்.

"சார், அம்மாவோட பேர் நிலைக்கணும்னு துறை முடிவு பண்ணியிருக்கு. இந்த வருஷத்துலேர்ந்து தரவரிசையில முதல்ல வர்ற பள்ளிக்கூடத்துக்கு அவங்க பேர்ல விருது. குடும்பத்தோட சம்மதத்துக்கு ஒரு கையெழுத்து மட்டும் போதும். வெளியே பத்திரிகைக்காரங்க இருக்காங்க, இப்பவே அறிவிச்சுடலாம்."

அத்தானின் முகம் தெளிந்தது. "பாத்தியாம்மா, கடைசியிலயாவது மதிச்சாங்க."

தங்கைக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தத் தரவரிசையைக் கணக்கிடும் முறையே அக்காவுடையது. கல்வி ஆய்வாளராக வந்த புதிதில் செய்தது. பிள்ளைகள் எங்கே பின்தங்குகிறார்களோ அங்கே முதலில் ஆசிரியர்களை அனுப்ப வேண்டும், அதற்குத்தான் பட்டியல். துறை பட்டியலை வாங்கிக்கொண்டது. ஆசிரியர்களை அனுப்பவில்லை. கடைசியில் இருந்த பள்ளிகளுக்குப் பூட்டுப் போட்டது. அவற்றில் ஒன்றில் தங்கை தலைமையாசிரியை. பூட்டிய அன்று அவள் ஃபோனில் சொன்னது ஒரே வாக்கியம்: "நல்லா அளந்திருக்கே அக்கா."

மற்றப் பள்ளிகள் அதைப் பார்த்துச் சுதாரித்துக்கொண்டன. படிப்பில் சுணங்கும் பிள்ளைகளைத் தேர்வன்று வர வேண்டாம் என்று சொல்லிவிட்டன. தேர்ச்சி விகிதம் ஏறியது. அதன்பிறகு அக்கா வேறெதையும் ஆராயவில்லை. தேர்வு நாளில் அதிகாரிகள் தேர்வறைகளைப் பார்வையிடுவார்கள், அக்கா சுற்றியுள்ள தெருக்களில் நடப்பாள். இடுப்பில் தம்பியோடு வாசலில் நிற்கும் பெண்பிள்ளையிடம், "காய்ச்சலா கண்ணு?" என்பாள்.

"இல்ல. சார்தான் வரவேணாம்னாரு."

துறையில் அவளுக்கு வைத்த பேர் ஆப்சென்ட் அம்மா. கூட்டங்களுக்குக் கூப்பிடத்தான் செய்தார்கள். "டீ குடுக்கறாங்க, பிஸ்கட் குடுக்கறாங்க, காதை மட்டும் குடுக்க மாட்டேங்கறாங்க" என்று அக்கா சிரிப்பாள். அப்படி ஒரு கூட்டத்தில், அப்போது துணை இயக்குநராக இருந்த இதே மனிதர்தான் சொன்னார்: "மேடம், நீங்க புள்ளிவிவரத்தைப் பாருங்க. தெருவைப் பாக்கப் போலீஸ் இருக்கு." கூட்டமே சிரித்ததாம். அன்று வீட்டுக்கு வந்த அக்கா சாப்பிடவில்லை.

இப்போது அவர் பேனாவைத் திறந்து அத்தானின் கையில் கொடுத்தார்.

"போடாதீங்க அத்தான்."

"டீச்சர், நீங்க துக்கத்துல இருக்கீங்க," என்றார் இயக்குநர். "இது மரியாதைதானே."

"யாருக்கு?"

"அம்மாவுக்குத்தான். அவங்க முறையாலதானே தேர்ச்சி இவ்வளவு ஏறியிருக்கு. அறிக்கையில அவங்க கட்டுரையையே மேற்கோள் காட்டியிருக்கோம்."

"எந்த இடத்தை?"

உதவியாளர் தாளைப் பார்த்துப் படித்தார். "'தேர்ச்சி விகிதம் தொடர்ந்து உயர்ந்துள்ளது.'"

"அடுத்த வரி?"

உதவியாளர் இயக்குநரைப் பார்த்தார்.

"நான் சொல்றேன். 'தேர்வு எழுதியோர் எண்ணிக்கை தொடர்ந்து குறைந்துள்ளது.' போன வருஷம் முதல்ல வந்த உங்க பள்ளிக்கூடத்தைச் சுத்தி அக்கா கைத்தடியை ஊணிக்கிட்டு நடந்தா. நான்தான் கூடப் போனேன். படுக்கையில இருக்க வேண்டிய உடம்பு. வாசலுக்கு வாசல் புள்ளைங்க நிக்குதுங்க. அதுங்களை வெளியே நிறுத்தினவங்களுக்கு அவ பேர்ல கோப்பையா?"

கூடத்தில் இருந்தவர்கள் இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். அவள் குரல் அங்கேயும் கேட்டிருக்க வேண்டும்.

அத்தான் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கடிகாரக் கடை வைத்திருந்தவர். ஆய்வெல்லாம் அவருக்குப் பிடிபடாது. தேர்வு நாட்களில் அக்காவுக்குச் சாப்பாடு கட்டிக்கொடுத்ததும், வீங்கிய கால்களோடு அவள் திரும்பும்போது வெந்நீர் வைத்ததும்தான் அவருக்கு அதிலிருந்த பங்கு.

"சார்," என்றார். "முதல்ல வர்ற பள்ளிக்கூடத்துக்கா குடுக்கறீங்க?"

"ஆமா சார்."

"கடைசியா வர்றதுக்குக் குடுக்க முடியாதா?"

இயக்குநர் வேடிக்கைப் பேச்சென்று நினைத்துச் சிரித்தார். "கடைசிக்கு எப்படி சார் விருது?"

"விருது வேணாம். ரெண்டு வாத்தியாரை அனுப்புங்க. அவ அதுக்குத்தானே அந்தப் பட்டியலையே போட்டா."

"அது பெரிய விஷயம் சார், மேல பேசணும். நீங்க இப்போதைக்கு இதுல..."

"அப்ப அவ பேரு உங்களுக்கு வேணாம்."

பேனாவை மூடி, இயக்குநரின் சட்டைப் பையில் அவரே செருகினார். பை ஒருமுறை தப்பியது. இயக்குநர் அசையாமல் நின்றுகொடுத்தார்.

வெளியே போய்ப் பத்திரிகைக்காரர்களிடம், "ஈடு செய்ய முடியாத இழப்பு" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காரில் ஏறிக்கொண்டார்.

அதே நேரம் அக்காவை ஏற்றிப்போக வேண்டிய வண்டி தெருவுக்குள் நுழைந்தது. குறுகலான தெரு. காரும் வண்டியும் மூக்கோடு மூக்கு நின்றன. வண்டிக்குப் பின்னால் தெருமுனைவரை ஆட்கள். காரின் பின்னால் காலித் தெரு. இருந்தும் கார்தான் ஹார்ன் அடித்தது. வண்டி ஓட்டுநர் தயங்கிவிட்டு ரிவர்ஸ் கியரைப் போட்டார்.

"நீ வாப்பா," என்று அத்தான் அவரிடம் கை காட்டினார்.

செருப்பில்லாமல் தெருவில் இறங்கி, காருக்கு முன்னால் போய் நின்றார். உள்ளங்கையை உயர்த்திப் பின்னால் போகும்படி சைகை காட்டினார். மறுபடியும் ஹார்ன். அவர் கையை இறக்கவில்லை. கார் மெல்லப் பின்வாங்கியது. அது நகர நகர அவரும் நடந்தார். வாசலில் நின்ற தங்கைக்கு அவர் முதுகுதான் தெரிந்தது. கார் தெருக்கோடியில் திரும்பும்வரை கை உயர்ந்தே இருந்தது.