கடைசியாக எப்போது பேசினார்?

"கடைசியா எப்போ நல்லாப் பேசினார்?" என்று டாக்டர் கேட்டார்.

"பதினோரு நாள் ஆச்சு டாக்டர்."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். மூளைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாயில் அடைப்பு. தொடை வழியாகக் கம்பி விட்டு அதை இழுத்து எடுக்க வேண்டும். பேச்சு போனதிலிருந்து அதற்கு மணிக்கணக்குதான் உண்டு, நாள்கணக்கு கிடையாது. என் வீட்டுக்காரரோ ஸ்ட்ரெச்சரில் வாய் கோணி, வலது கை தொங்கக் கிடந்தார்.

"இல்ல டாக்டர், என்கிட்ட பேசித்தான் பதினோரு நாள். சண்டை. மத்தபடி காலையில நல்லாத்தான் இருந்தார். முறைச்சாரே!"

"எத்தனை மணிக்கு முறைச்சார்?"

நர்ஸ் சிரிப்பை அடக்க அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கா மணி தெரியும்? அவர் பேசியதைக் காதால் கேட்ட ஆள் வேண்டும் என்றார் டாக்டர். அப்படி ஒருத்தி உண்டு, என் நாத்தனார். அவளோடு எனக்குப் பேச்சுவார்த்தை நின்று நாலு வருஷம். ஆபத்துக்குப் பாவமில்லை என்று போனைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்து டாக்டரிடம் நீட்டினேன்.

"ஒன்பதே முக்கால் வரைக்கும் என்கிட்ட பேசிட்டுத்தானே இருந்தான்! எல்லாம் அவளைப் பத்திதான்."

"வார்த்தை ஏதாவது குழறிச்சாம்மா?" என்றார் டாக்டர்.

"குழறலா? 'அடங்காப்பிடாரி'ன்னு ஆறு தடவை சொன்னான். ஒரு எழுத்து பிசகல."

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். பத்தரை. "நேரம் இருக்கு, கையெழுத்துப் போடுங்க" என்றார். என்னைத் திட்டியதற்காக என் புருஷனை நான் வாழ்த்தியது அன்றைக்குத்தான்.

ஒரு மணி நேரத்தில் அடைத்திருந்த ரத்தக்கட்டி வெளியே வந்துவிட்டது. மிளகு அளவுகூட இல்லை, அதற்கு இத்தனை ஆட்டம். தூக்கச் சொன்னதும் வலது கையைத் தூக்கினார். டாக்டர் என்னைக் காட்டி, "இவங்க யாரு?" என்றார். அவர் வாயை இறுக மூடிக்கொண்டு சுவரைப் பார்த்தார்.

"கை வந்துடுச்சு, பேச்சு வரலையோ?" டாக்டர் முகம் வாடிவிட்டது.

"வீம்பா இருக்கும் டாக்டர்."

"வீம்பா வியாதியான்னு எனக்கு எப்படித் தெரியும்? நீங்களே கூப்பிட்டுப் பாருங்க."

பேசினால் நான் தோற்றேன். ஆனால் உண்மையிலேயே பேச்சு போயிருந்தால்? வீம்பாகவே இருக்கட்டும் கடவுளே என்று வேண்டிக்கொண்டேன்.

"ஏங்க," என்றேன். "ஒரு வார்த்தை பேசுங்க."

அவர் மெதுவாகத் தலையைத் திருப்பினார். என்னைப் பார்க்கவில்லை, டாக்டரைப் பார்த்தார்.

"முதல்ல பேசினது யாருன்னு கேஸ் ஷீட்டுல எழுதிக்கோங்க டாக்டர்."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. தோற்றுப்போய் அழுகிறேன் என்று நினைத்திருப்பார். நினைத்துக்கொள்ளட்டும்.