முடிச்சில்லாத வலை

எனக்குப் பொறுமை கிடையாது. ஊரே அதைச் சொல்லும், நானும் ஒத்துக்கொள்வேன். சோறு வேகும்போது மூன்று தடவை மூடியைத் திறந்து பார்க்கிற ஆள் நான். அப்படிப்பட்டவளுக்கு, இரண்டு மாதமாக வாசலைத் தாண்டாமல் வீடியோ கேம் ஆடும் புருஷன் வாய்த்தால் எப்படி இருக்கும்?

எங்கள் குப்பம் பசியாவரத்தைத் தாண்டி ஏரிக்குள் இருக்கிறது. நாலு பக்கமும் தண்ணீர். நான் தினமும் காலை ஏழரைப் படகில் பழவேற்காட்டுக்குப் போய், அங்கிருந்து பஸ் பிடித்துப் பொன்னேரியில் ஒரு செல்போன் சர்வீஸ் கடைக்கு வேலைக்குப் போகிறேன். என் புருஷன் பூவரசன் மீன் பிடிக்கிறவர். பிடித்தவர் என்றுதான் சொல்ல வேண்டும். கார்த்திகையில் முகத்துவாரத்தில் அவர் போன படகு கவிழ்ந்துவிட்டது. காலிலும் கழுத்திலும் வலை சுற்றிக்கொள்ள, படகுக்கு அடியிலேயே மாட்டிக்கொண்டார். கூடப் போன ரங்கன் தலைமுடியைப் பிடித்து இழுத்து வெளியே போட்டான். யாரும் சாகவில்லை. ஒரு தையல்கூடப் போடவில்லை. வம்பே அதனால்தான். அடிபடாதவன் ஏன் வீட்டில் உட்கார்ந்திருக்கிறான் என்று ஊர் கேட்டது. அவரோ அதற்குப் பிறகு எந்தப் படகிலும் கால் வைக்கவில்லை.

ஏரியில் வலை கட்டும் இடங்களை எங்கள் ஊரில் முறை வைத்துப் பிரித்துக்கொள்வோம். அதற்குப் பாடு என்று பெயர். இவருடைய முறை இரண்டு தடவை வந்தது. இவருக்குப் பதிலாக அண்ணன் பிரபாகரன் போனார். மூன்றாவது முறை அந்த வார வெள்ளிக்கிழமை. இந்தத் தடவையும் தம்பி வரவில்லையென்றால் ஊர்க்கூட்டத்தில் பாடு பட்டியலிலிருந்து அவன் பெயரை எடுத்துவிடுவார்கள், தன்னால் வாயே திறக்க முடியாது என்று அண்ணன் என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார். அவர் நல்ல மனுஷர். கோபத்தை அவர்மேல் காட்டவும் எனக்கு வழியில்லை.

கடையில் யாரோ ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டுத் திரும்ப வராமல் போன ஒரு பழைய கன்சோலை முதலாளி எனக்குக் கொடுத்திருந்தார். அதில் ஒரே ஒரு கேம்தான் ஓடும். சின்னப் படகில் தீவு தீவாகப் போய் மூட்டை இறக்க வேண்டும். அதையாவது ஒழுங்காக ஆடினாரா? நான் பார்க்கும்போதெல்லாம் படகைக் கவிழ்த்துக்கொண்டிருப்பார். படகு கவிழும், திரை நீலமாகும், ஆள் மேலே வந்து ஏறுவான், மறுபடி கவிழும். "டிவிலயும் கவுக்கறியே மாமா, உன் ராசி அப்டி" என்று ஒரு நாள் கிண்டலடித்தேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

புதன்கிழமை கடைக்கு ஒரு சின்னப் பெட்டி வந்தது. உள்ளங்கையில் அடங்கிவிடும். கன்சோலுக்கும் டிவிக்கும் நடுவில் செருகினால், மங்கலான பழைய படத்தை ஏஐ தெளிவாக்கிவிடும். இருக்கிற புள்ளிகளைப் பார்த்து, இல்லாத புள்ளிகளை ஊகித்துப் போடுமாம். முதலாளி ஒரு பழைய கார் ரேஸில் மாட்டிக் காட்டினார். கட்டம் கட்டமாக நின்ற மரத்தில் இலை வந்தது. எனக்கு உடனே மூளை ஓடியது. இவருடைய கேமில் தண்ணீர் என்று இருப்பதெல்லாம் நீலக் கட்டங்கள். அது நிஜத் தண்ணீராகத் தெரிந்தால் இவருக்கு ஆசை வராதா? ஏரியிலேயே வளர்ந்த உடம்பாயிற்றே. வெள்ளிக்கு நடுவில் ஒரே ஒரு நாள்தான் இருந்தது. ஒரு நாள் இரவல் கேட்டு வாங்கிக்கொண்டு ஓடிவந்தேன். திரும்பும் படகில் என்னால் உட்காரவே முடியவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் பையைக்கூட இறக்காமல் பெட்டியைச் செருகினேன். டிவியில் தண்ணீர் அசைந்தது. அலைமேல் வெயில் மினுங்கியது. எனக்கே பெருமையாக இருந்தது. இவர் படகை நகர்த்துவார் என்று பார்த்தேன், நகர்த்தவில்லை. நெற்றியில் வேர்வை துளிர்த்தது. கண்ட்ரோலரை மெதுவாகத் தரையில் வைத்தார்.

"ஏன் மாமா, நல்லா இல்லியா?"

"நல்லா கீது. அதான்."

நான் முறைத்தேன். அவர் டிவியைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துப் பேசினார்.

"நான் அதுல வெளையாடல, நிவே. கவுந்து கவுந்து எழுந்துக்கினு இருந்தேன். அதுல கவுந்தா வெறும் கட்டந்தான், மூச்சு முட்டாது. தெனம் கொஞ்சம் பயம் கொறஞ்சிது. இன்னும் ரெண்டு நாள்ல தேறிடுவேன்னு நெனச்சேன். நீ அத தண்ணி ஆக்கிட்டே."

இரண்டு மாதமாக ஒரே அறையில் இருந்துகொண்டு, அந்த மனுஷன் என்ன செய்கிறார் என்றுகூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை. பெட்டியைப் பிடுங்கக் கையை நீட்டினேன். இரு என்று தடுத்துவிட்டு, கண்ட்ரோலரை எடுத்துப் படகைக் கவிழ்த்தார்.

தண்ணீருக்கு அடியில் எப்போதும் வெறும் நீலக் கட்டங்கள்தான் வரும். அந்தக் கட்டங்களின் ஓரங்களையெல்லாம் பெட்டி கோடாக இழுத்து, குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிவிட்டிருந்தது. திரை முழுக்க வலை. இவர் துள்ளி எழுந்தார். முக்காலி உருண்டது. முதுகைச் சுவரில் அழுத்திக்கொண்டு நின்றார், மூச்சு வாங்கியது. நான் பதறிப்போய் சுவிட்சுக்குப் போனேன்.

"அணைக்காதே. அப்டியே நிறுத்தி வையி."

கண்ட்ரோலரை எடுத்து ஆட்டத்தை அப்படியே நிறுத்தினேன். அவர் ஓரடி முன்னால் வந்தார், நின்றார், இன்னொரு அடி வந்தார். கிழிந்த வலையைப் பிரித்துப் பார்க்கிற மாதிரி திரைக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோய், ஒரு கோட்டின்மேல் விரலை வைத்து நகர்த்தினார். எனக்கோ இருப்புக் கொள்ளவில்லை.

"முடிச்சே இல்ல" என்றார்.

"இன்னாது?"

"வல மாதிரி கீது. முடிச்சு எங்க கீது பாரு? நூலு மேல நூலு சும்மா போவுது. கண்ணு ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசு. இதுல எறாகூட மாட்டாது."

சொல்லிவிட்டுச் சிரித்தார். கார்த்திகைக்குப் பிறகு அந்த மாதிரிச் சிரிப்பு அன்றைக்குத்தான். பெட்டி எதையும் ஊகித்துப் போடும், சரி. முடிச்சு எங்கே விழும் என்று அதற்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

அதற்குப் பிறகு ஆறேழு தடவை கவிழ்த்தார். ஒவ்வொரு தடவையும் வேர்த்தது. பயம் போய்விட்டது என்று நான் பொய் சொல்ல மாட்டேன்.

மறுநாள் காலை நான் கிளம்பும்போது சட்டை போட்டுக்கொண்டு நின்றார். பெட்டியைத் தானே கொண்டுவந்து முதலாளியிடம் கொடுப்பதாகச் சொன்னார். படகுத்துறையில் எல்லோரும் பார்த்தார்கள். இவர் கரையில் நின்றார், நின்றார், நின்றுகொண்டே இருந்தார். ஏழரைப் படகு ஏழு நாற்பதாகியும் எடுக்கவில்லை. உள்ளே இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். நான், சோற்றுப்பானையை மூன்று தடவை திறக்கிறவள், பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். ஒரு கால் வைத்தார். பிறகு இன்னொன்றும்.

நடு ஏரியில் வாடைக்காற்று படகைச் சாய்த்தது. என் வலது கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்த பிடியில் கண்ணாடி வளையல் ஒன்று உடைந்து தோலில் இறங்கியது. எங்கள் பாடு இருக்கும் இடத்தில் வலை கட்ட நட்ட கழிகள் கண்ணில் பட்டன. அவை பின்னால் போகிற வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

"நாளைக்கு நானும் வரேன்னு அண்ணங்கிட்ட சொல்லிடு" என்றார்.

"நீயே சொல்லேன் மாமா."

"நான் சொன்னா சாயங்காலத்துக்குள்ள இல்லன்னுடுவேன். நீ சொல்லு. இப்பவே போன் பண்ணு."

வலது கையை அவர் இன்னும் விடவில்லை. நானும் விடச் சொல்லவில்லை. இடது கையால் பையைத் துழாவிப் போனை எடுத்தேன்.