சத்தம் போடாத வால்வு

தன் அக்காவோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போதே தையல்காரரிடம் மனைவி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: "நீங்க வரவேணாம். போன தடவை நீங்க குறுக்கும் நெடுக்கும் நடந்ததுல நர்ஸுக்கே தலை சுத்திப்போச்சு."

மனைவியின் மார்பில் இருந்த கட்டி எப்படிப்பட்டது என்று அன்றைக்குத்தான் தெரியும்.

அவர் கடையைத் திறந்தார். ஒரே சட்டைக்கு இரண்டு இடது கைகளை வெட்டி வைத்தார். கத்தரிக்கோலைப் போட்டுவிட்டு வீட்டுக்கே திரும்பினார். உட்கார்ந்தால் மனசு எழச் சொன்னது, எழுந்தால் நடக்கச் சொன்னது. கடைசியில், கொட்டகையில் நின்ற மாமனாரின் பழைய கார் பக்கம் போய் பானெட்டைத் தூக்கினார்.

கார் கொஞ்ச நாளாக எண்ணெய் கக்கிக்கொண்டிருந்தது. இன்ஜின் மூடிக்கடியில் இருக்கும் கேஸ்கெட் அட்டையை மாற்றியும் கசிவு நிற்கவில்லை. இன்ஜினை ஓடவிட்டு, எண்ணெய் ஊற்றும் வாயின்மேல் ஒரு காகிதத் துண்டை வைத்தார். உள்ளே இழுபட வேண்டிய காகிதம் எகிறிப் பறந்தது.

பக்கத்து வீட்டு லாரி டிரைவர் மதில்மேல் எட்டிப் பார்த்தான்.

"அண்ணே, சேதி வந்துச்சா?"

"உள்ள சேர்ற புகை வெளிய போக வழியில்லப்பா. அதான் கிடைச்ச சந்துலெல்லாம் எண்ணெயத் தள்ளுது."

"நான் அண்ணியப் பத்திக் கேட்டேன்."

"புகை போற வால்வு அடைச்சிருக்கும்," என்றார் தையல்காரர், தலை நிமிராமலே.

இன்ஜினை அணைத்து, மூடியில் செருகியிருந்த கட்டைவிரல் அளவு வால்வைப் பிடுங்கிக் காதருகே ஆட்டினார். சத்தமே இல்லை; உள்ளே ஆட வேண்டிய முள் ஒட்டிக்கிடந்தது. பெட்ரோலில் ஊறவைத்துக் கழுவினார். தார்போலக் கரி கரைந்து வந்தது. அதன் ரப்பர்க் குழாயையும் கம்பி விட்டுக் குடைந்தார். மறுபடி ஆட்டியபோது வால்வு 'டக் டக்' என்றது. மாட்டி ஓடவிட்டார். காகிதம் வாயோடு ஒட்டிக்கொண்டது. நம்பாமல் எடுத்தார், வைத்தார், திரும்பவும் எடுத்தார்.

"எத்தனை தரம் போன் அடிக்கிறது? காதைக் கடன் குடுத்துட்டீங்களா?"

கொட்டகை வாசலில் மனைவி நின்றாள், பின்னால் அக்கா. அவர் அவள் முகத்தையே பார்த்தார்.

"முதல்ல அதை அணைங்க."

அணைத்தார்.

"சாதாக் கட்டிதானாம். ஆறு மாசம் கழிச்சு ஒரு தரம் வரச் சொன்னாங்க."

"ஏன் வரணும்?"

"சும்மா பார்க்க."

"சும்மான்னா?"

"ஆரம்பிச்சுட்டாரு!" அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

மனைவி பழந்துணியை எடுத்து அவர் கையைப் பிடித்து விரல் விரலாகத் துடைத்தாள். அப்போதுதான் அவர் அப்படியே பம்பரில் உட்கார்ந்துவிட்டார்.