அப்துல் கனியின் வேன்

அமெரிக்காவின் பேர்லேண்டில் மகளைப் பற்றி யார் கேட்டாலும் அப்துல் கனி, "பொண்ணு ஆபீஸ்ல இருக்கா" என்பதோடு நிறுத்திக்கொள்வார். பன்னிரண்டு வருடமாக இதே பதில்தான். குடித்துவிட்டுக் கார் ஓட்டியவர்களுக்கும் கடையில் திருடியவர்களுக்கும் கோர்ட் நியமிக்கிற வக்கீல் தஸ்னீம் என்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை.

அங்கே நீதிபதியையும் மக்கள்தான் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். கவுண்டி என்கிற மாவட்டத்தின் கோர்ட்டுக்கு நீதிபதியாக அவள் தேர்தலில் நின்றதும் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. பெருநாள் விருந்தில் பிரியாணித் தட்டோடு நின்றவர்களையெல்லாம் மடக்கி, முந்நூற்றுப் பன்னிரண்டு பெயர்களை எழுதிக்கொண்டு வந்தார்.

"எல்லாம் நம்ம ஓட்டு!"

தஸ்னீம் பேனாவை எடுத்தாள். "அத்தா, இவர் விசாவில இருக்கார். இவங்க கிரீன் கார்டு. சிட்டிசன் மட்டும்தான் வோட் பண்ண முடியும்." அடித்தது போக இருபத்தாறு பேர் மிஞ்சினார்கள். "நீங்களும் கிரீன் கார்டுதான், அத்தா."

நாளைக்கு நாளைக்கு என்று சிட்டிசன்ஷிப் ஃபாரத்தை அலமாரியில் தூங்கவிட்ட மகராசன் அவர். பெற்ற பிள்ளைக்கு ஓர் ஓட்டுப் போடக் கொடுத்துவைக்கவில்லையே என்று வெட்கிப் போனார்.

"ஓட்டு இல்லாட்டி என்ன? வேன் இருக்கு. கார் இல்லாதவங்களை நான் டிராப் பண்றேன்."

கார் இல்லாமல் ஒரு பால் பாக்கெட் வாங்க முடியாத ஊர் அது. தேர்தலன்று முதலில் அழைத்தவன் குடித்துவிட்டு ஓட்டி லைசென்ஸைப் பறிகொடுத்தவன். அடுத்தவனும் அப்படியே. சாயங்காலத்துக்குள் முப்பத்தெட்டுப் பேரை ஏற்றி இறக்கினார். பாதிக்கு மேல் தஸ்னீம் வாதாடிய ஆட்கள்தான். யாருக்கு ஓட்டு என்று அவர் கேட்கவில்லை, அவர்களாகவே சொன்னார்கள். வெல்டர் ஒருவன் ஆங்கிலத்தில் சொன்னான்: "என் கதையை முழுசாகக் கேட்டவர் வக்கீல் தஸ்னீம் ஒருவர்தான். குடியை விட்டுப் பதினோரு மாதம் ஆகிறது."

கனிக்குக் கண்ணீர் கண்ணை மறைத்தது. வண்டியை ஓரங்கட்டி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

தஸ்னீம் பத்தொன்பது ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தாள்.

பதவியேற்பில் புது நீதிபதிக்குக் குடும்பத்தார்தான் கறுப்பு அங்கி மாட்டிவிடுவார்கள். மனைவி தாஜ் நிஷா ஒரு கையைப் பிடிக்க, கனி மறுகையை நுழைத்து, தோள் சுருக்கத்தை நீவிவிட்டார். பெருமை நெஞ்சுக்குள் கொள்ளவில்லை.

வெளியே வந்ததும் ஓட்டில்லை என்று பட்டியலிலிருந்து அடிக்கப்பட்ட அல்தாப் பிடித்துக்கொண்டார். "ஆபீஸ்ல இருக்கான்னு சொல்வீங்களே கனி பாய், என்ன ஆபீஸ்?"

கனி எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்:

"குடிச்சு மாட்டினவன், திருடி மாட்டினவன், எல்லாருக்கும் என் பொண்ணுதான் வக்கீல், பாய். இன்னிக்கு அவ ஜட்ஜ்னா, அது அவங்க போட்ட ஓட்டு."