நான் கண்டுபிடிக்கும் மட்டும்

என் வாயைப் பற்றி எங்கள் கோயிலில் எல்லாருக்கும் தெரியும். மொன்றியலில் பதினெட்டு வருடமாக ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறேன். இந்த வாய் இல்லாவிட்டால் பிள்ளைகள் என் தலையில் மிளகாய் அரைத்திருப்பார்கள். அதே வாய்தான் நிருஷாவின் வாயைக் கட்டிப்போட்டது.

மார்ச் மாதத்தில் ஒரு நாள், பூசை நேரத்தில் ஒருவன் இரும்புக் கம்பியோடு கோயிலுக்குள் வந்தான். எங்களை நாட்டை விட்டுப் போகச் சொல்லிக் கத்திக்கொண்டே யன்னல்களை உடைத்தான். தடுக்கப் போன அன்டன் அண்ணையின் கை முறிந்தது. கீழ் மண்டபத்தில் நானும் பதினொரு பிள்ளைகளும் இருந்தோம். கண்ணாடி நொறுங்கியதும் பெருநாளுக்குப் போடும் பாடகர் அங்கிகள் தொங்கும் அறைக்குள் அவர்களைத் தள்ளினேன்.

"ஒளிச்சுப் பிடிச்சு விளையாடுறம், பிள்ளையள். நான் கண்டுபிடிக்கும் மட்டும் ஒருத்தரும் மூச்சுக் காட்டப்படாது."

பொலிஸ்காரர்கள் வந்து ஒவ்வொரு பிள்ளையாகத் தூக்கிப்போனார்கள். ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. ஊரே என்னை மெச்சியது. நானும் கொஞ்சம் மிதந்தேன்.

அதன்பிறகு, அந்தப் பதினொரு பேரில் ஒருத்தியான ஆறு வயது நிருஷா கோயிலில் ஒரு வார்த்தை பேசவில்லை. உள்ளே வந்ததும் நேரே அந்த அறைக்குப் போய் அங்கிகளுக்குப் பின்னால் குந்திவிடுவாள். பங்குச் சுவாமி அவள் தலையில் கைவைத்துச் செபித்தார். நான் சொக்லேற் நீட்டினேன். சுகாதார நிலையத்திலிருந்து வந்த ஆலோசகர், "பிறகாவது பிள்ளைகளிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம்" என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கையில் கம்பியோடு வந்தவனைப் பற்றிப் பச்சைப் பிள்ளைகளுக்கு என்னத்தைச் சொல்வது?

யூன் மாதம் நிருஷாவின் தாய் அஜந்தா வந்தாள்.

"வாற ஞாயிறோட நிப்பாட்டுறன் ரீச்சர். பள்ளிக்கூடத்தில வாய் ஓயாமல் கதைக்கிறாள். வீட்டில சண்டைக்காரி. இஞ்ச வந்தாத்தான் இப்பிடி."

இங்கே வந்தால் மட்டும். வீட்டுக்குப் போகும்போது மெற்றோவில் அது எனக்கு உறைத்தது. இறங்கவேண்டிய இடத்தையும் விட்டுவிட்டேன். அவளைத் தூக்கிப்போனது ஒரு பொலிஸ்காரி. நான் அவளைக் கண்டுபிடிக்கவே இல்லை. பிள்ளை மூன்று மாதமாக என் சொல்லைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாள்.

அடுத்த ஞாயிறு பூசைக்கு முன்பே அங்கிகளை விலக்கி முழங்காலில் இருந்தேன்.

"நிருஷா, கண்டுபிடிச்சிட்டன். விளையாட்டு முடிஞ்சுது. அண்டைக்கு நான் பொய் சொன்னனான். ஒரு ஆள் வந்து கண்ணாடியெல்லாம் உடைச்சவர். எனக்கும் பயமாத்தான் இருந்தது. அவரைப் பிடிச்சிட்டினம்."

அங்கிகளுக்குள்ளிருந்து தலையை நீட்டினாள்.

"அப்ப இப்ப என்ர முறை" என்றாள். "எல்லாரும் ஒளியவேணும். பெரியாக்களும்."

பூசை முடிந்ததும் நான் எழுந்து அறிவித்தேன். முணுமுணுத்தவர்களை ஒரு பார்வை பார்த்தேன். ஷெல்லுக்கும் பொம்பர் விமானத்துக்கும் பதுங்கி வளர்ந்த சனம் நாங்கள். ஒளிக்க எங்களுக்கு யாரும் பழக்கத் தேவையில்லை. சுவாமி பாவசங்கீர்த்தனக் கூண்டுக்குள் புகுந்தார். அன்டன் அண்ணை பொருந்திய கையை அணைத்துக்கொண்டு வாங்குப் பலகைக்கு அடியில் படுத்தார். நிருஷா பிரெஞ்சில் இருபது வரை எண்ணினாள். பிறகு ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பிடித்தாள். அந்தக் குரல் கோயில் முழுக்கக் கேட்டது. அஜந்தா அழுவதும் கேட்டது.

நான் அங்கி அறையில் இருந்தேன். அந்த இருட்டில் எனக்கு மறுபடி ஒன்பது வயதாயிற்று. ஊரில், இளவாலையில், பங்கர்க் குழிக்குள் அம்மா என் வாயைப் பொத்தி, மூச்சுக் காட்டாதே என்றார். பிறகு ஓடினோம், விமானம் ஏறினோம். முடிந்துவிட்டது என்று எனக்கு ஒருவரும் வந்து சொல்லவில்லை.

அங்கிகள் விலகின.

"ரீச்சர், கண்டுபிடிச்சிட்டன். முடிஞ்சுது. வெளியில வாங்கோ."

அவள் கையை நீட்டினாள். அந்தச் சின்னக் கையைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தேன். மேலே அத்தனை பேரும் கைதட்டினார்கள். இவள் என் மாணவி என்று சொல்ல நினைத்தேன். அவ்வளவு பெருமையாக இருந்தது. வாய்தான் வரவில்லை.