ஷாமிளா கேட்டு வாங்கிய ஏச்சு

சட்டியில் ஈரல் நாலு துண்டுதான் கிடந்தது. தங்கம்மா கரண்டியை விட்டு நாலையும் ஒரே அள்ளாக அள்ளி மகன் சுமனின் தட்டுக்குக் கொண்டுபோனாள். பாதி வழியில் மருமகள் ஷாமிளாவின் தட்டு குறுக்கே வந்து நின்றது.

"எனக்கு ரெண்டு வைங்க அத்தை."

அந்தத் தோட்டத் தொழிலாளர் லயத்துக் காம்பராவில் அப்படியொரு தட்டு அதுவரை நீண்டதில்லை. ஆம்பிளை சாப்பிட்டு எழும்பிய பிறகு பொம்பளை சட்டியை வழித்துக்கொள்வதுதான் வழமை. வயிற்றில் ஆறு மாதம் என்றாலும் அந்தச் சட்டத்தில் லீவு கிடையாது.

"பால் வெட்டப் போற உடம்புடி அவனுக்கு."

"நானுந்தான் ரப்பர் மலைக்குப் போறேன். என் ரத்தம் ஒன்பதுதான் இருக்குது."

"அது நோர்மல்னுதானே கிளினிக் மிஸ்ஸி சொல்லி அனுப்புனாங்க?" சுமன் வாயில் சோற்றோடு கேட்டான்.

"எனக்கு நோர்மல். என் பக்கத்துல டவுன் கடைக்கார ஜாபிர் நானா பொண்டாட்டி ஆஸியா இருந்தா. அவளுக்கும் ஒன்பதுதான். பதினொண்ணு இருக்கணும், நீங்க என்னத்த வாங்கிக் குடுக்குறீங்கன்னு நானாவைப் பிடிச்சு மிஸ்ஸி ஏசின ஏச்சு இருக்கே." ஷாமிளா பெருமூச்சு விட்டாள். "கேக்கவே ஆசையா இருந்துச்சு."

அடுத்தவள் சேலையைப் பார்த்து ஏங்கியவர்கள் உண்டு. அடுத்தவள் புருஷன் வாங்கிய ஏச்சுக்கு ஏங்கியவள் அந்தத் தோட்டத்தில் இவள் ஒருத்திதான்.

"நாங்கெல்லாம் ரத்தமே பாக்காம அஞ்சு பெத்தோம்," என்றாள் தங்கம்மா.

"மூணு பேருதானேம்மா இருக்கோம்," என்றான் சுமன், யோசிக்காமல்.

கரண்டி கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது. பிறகு பழகிய கை பழகிய இடத்துக்கே போனது. நாலு துண்டும் மகன் தட்டில் விழுந்தன. அவனும் சாப்பிட்டான். என்னவோ, அன்றைக்கு ஈரல் எவ்வளவு மென்றும் தீரவேயில்லை.

அடுத்த கிளினிக் நாளில் ஷாமிளா அவனையும் இழுத்துக்கொண்டு தெஹியோவிட்டைக்கு பஸ் ஏறினாள்.

மிஸ்ஸி ரத்தம் பார்த்தார். "அதே ஒன்பது. லயத்துப் பக்கம் இது நோர்மல். சரி, அடுத்தவங்க வாங்க."

ஷாமிளா எழும்பவில்லை.

"மிஸ்ஸி, இவருதான் எங்க வீட்டுக்காரரு. ஏசுங்க."

"என்னத்துக்கு?"

"ஜாபிர் நானாவுக்கு ஏசின மாதிரி. லயத்துக்குன்னு ரத்தம் தனியா ஊறுதுங்களா? எனக்கும் பதினொண்ணு வேணும்."

வாங்குப் பலகையில் காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். மிஸ்ஸிக்கும் சிரிப்பு வந்தது.

"ஏசி என்ன செய்ய தங்கச்சி? லயத்துல யாரு ஈரல் வாங்குறாங்க?"

"மாசத்துல ஒருக்கா வாங்குறோம் மிஸ்ஸி. சாப்பிடுறது இவரு."

இப்போது டவுன்காரர்கள்தான் சிரித்தார்கள். தோட்டத்துப் பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். மிஸ்ஸியின் சிரிப்பும் நின்றுவிட்டது. அந்த வாங்கில் உட்கார்ந்திருந்த பாதிப் பேருக்கு அவர் நோர்மல் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

கொஞ்சம் வெட்கத்தோடுதான் தொடங்கினார். "இரும்புச்சத்துக் குளிசையை இவங்க என்னத்தோட முழுங்குறாங்க?"

"பிளேன்டியோட," என்றான் சுமன்.

"அனே தெய்யோ," என்று மிஸ்ஸி சிங்களத்தில் கடவுளைக் கூப்பிட்டார்.

அதற்குப் பிறகு ஏச்சு சூடு பிடித்துக்கொண்டது. குளிசைச் சத்தைத் தேயிலைச் சாயம் பிடித்துக்கொள்ளும் என்பதில் தொடங்கி, கீரை, கருவாடு, முட்டை, கடைசியில் அந்த நாலு துண்டு ஈரல் வரைக்கும் வந்து நின்றது. "பிள்ளையைச் சுமக்கிறது நீங்களா, அவங்களா?" சுமன் கணக்கப்பிள்ளைக்கு முன்னால் நிற்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். ஷாமிளா கண்ணை மூடி, ரேடியோவில் பிடித்த பாட்டுப் போகிறமாதிரி கேட்டுக்கொண்டிருந்தாள்.

வாங்கின் கடைசியில் மேல்மலைப் பிரேமலதா எட்டு மாத வயிற்றைத் தாங்கிக்கொண்டு எழும்பினாள். ஜன்னலுக்குப் போய், கேட்டடியில் நின்ற தன் புருஷனைக் கூப்பிட்டாள்.

"பீடியைப் போட்டுட்டு உள்ள வாங்க. அடுத்த ஏச்சு நமக்குத்தான்."